மாதத்தின் நடுவே படும் கறை: குழந்தைப்பேற்றை எதிர்நோக்குவோர் கவனத்திற்கு

குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் எங்கள் மகளிர் நலப் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தலைக்குக் குளித்துப் பத்து நாள்தான் ஆகிறது, அதற்குள் மறுபடியும் கறை படுகிறது. இதனால் கரு தங்காமல் போகுமா, டாக்டர்?" இக்கேள்விக்குப் பின்னால் இருக்கும் அச்சத்தை நாங்கள் அறிவோம். பெரும்பாலும் இந்தச் சிறு கறை கருத்தரிப்பதைத் தடுப்பதில்லை. ஆனால் அதை அடுத்த மாதவிலக்கு என்று எண்ணிவிட்டால், கருத்தரிக்க ஏற்ற நாள்கள் கைநழுவிப் போகக்கூடும்.

கறை ஏன் படுகிறது?

சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படும் நாளையொட்டி, உச்சத்தில் இருந்த ஈஸ்ட்ரோஜன் சுரப்பின் அளவு சட்டெனக் குறைகிறது. அவ்வேளையில் கருப்பையின் உட்சவ்வு சிறிதளவு உதிர்வதால், இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஓரிரு நாள் கறை படலாம். நாப்கின் தேவைப்படாத அளவுதான் இருக்கும். சிலருக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் மெல்லிய வலியும் தோன்றும். இது நோயன்று. எல்லாப் பெண்களுக்கும் இவ்வாறு ஏற்படுவதுமில்லை. கறை படாததால் முட்டை வெளிப்படவில்லை என்று வருந்தவும் வேண்டியதில்லை.

நாள்களை எப்படி எண்ணுவது?

தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவது நம் வீடுகளில் வழக்கம். மருத்துவக் கணக்கு அவ்வாறன்று. உதிரப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாளே முதல் நாள். அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாள்களுக்கு முன்பு முட்டை வெளிப்படும். வெளிப்பட்ட முட்டை ஒரு நாள் வரையே உயிர்ப்புடன் இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலில் 5 நாள்கள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களுமே கருத்தரிக்க ஏற்றவை.

28 நாள்களுக்கு ஒருமுறை மாதவிலக்காகும் பெண்ணுக்கு, 1ஆம் தேதி உதிரப்போக்கு தொடங்கியதாகக் கொள்வோம். 15ஆம் தேதி வாக்கில் முட்டை வெளிப்படும். 10 முதல் 15 வரை ஏற்ற நாள்கள். 14ஆம் தேதி படும் கறையை மாதவிலக்கு என்று கருதித் தம்பதியர் விலகியிருந்தால், மிகவும் ஏற்ற நாள்களையே இழக்கின்றனர். அன்றிலிருந்து புதுக்கணக்குத் தொடங்கினால் அடுத்த முயற்சியும் தவறான நாள்களில் விழும். வலியின்றி லேசான கறை மட்டும் படும்போது தம்பதியர் விலகியிருக்க வேண்டியதில்லை. மாதவிலக்குச் சுழற்சி 35 நாள்கள் உள்ளவருக்கு முட்டை 21ஆம் நாளையொட்டியே வெளிப்படும் என்பதையும் நினைவிற்கொள்க.

திருவிழாவுக்காகவும் திருமணத்துக்காகவும் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரைகளை உட்கொண்டால் இக்கணக்கு முழுவதும் மாறிவிடும். கருத்தரிக்க முயலும் மாதங்களில் மருத்துவரைக் கேளாமல் அவற்றை வாங்கி உட்கொள்ள வேண்டாம்.

எப்போது மருத்துவரைக் காண வேண்டும்?

கறை மாதந்தோறும் தொடர்ந்து வருதல், மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தல், நாப்கின் நனையும் அளவு போதல், தாம்பத்திய உறவுக்குப் பின் உதிரம் படுதல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், காய்ச்சல், கடும் வலி ஆகியவற்றுள் எது இருந்தாலும் பரிசோதனை அவசியம். கருப்பையிலோ அதன் வாயிலோ வளரும் சிறு சதை, நார்த்திசுக் கட்டி, கிருமித்தொற்று, தைராய்டு குறைபாடு, நீர்க்கட்டிப் பிரச்சினை ஆகியவை காரணமாகலாம். அரிதாகக் கருப்பைவாய்ப் புற்றுநோயின் தொடக்க அறிகுறியாகவும் இருக்கக்கூடும். ஸ்கேன், பாப் ஸ்மியர், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றால் காரணத்தைக் கண்டறியலாம். இவற்றுள் பலவும் சிகிச்சைக்குப் பின் கருத்தரிக்கத் தடையாக இருப்பதில்லை.

அடுத்த மாதவிலக்குக்குச் சில நாள்கள் முன்னதாகப் படும் கறை, கரு கருப்பையில் பதிவதாலும் ஏற்படலாம். தேதி தள்ளிய பின் காலை முதற்சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். நாள் தள்ளியிருக்கையில் கறையுடன் ஒரு பக்க அடிவயிற்று வலியோ மயக்கமோ வந்தால், கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். இரவானாலும் தாமதியாது மருத்துவமனைக்கு வாருங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

"விசேஷம் ஏதும் உண்டா?" என்று மாதந்தோறும் கேட்பது மருமகளின் மனச்சுமையைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை எனில், பெண் 35 வயதைக் கடந்தவராயின் ஆறு மாதங்களிலேயே, தம்பதியர் இருவரும் சேர்ந்து வர வேண்டும். கணவரின் விந்துப் பரிசோதனை எளியது. அதைத் தள்ளிப்போட்டு மனைவியை மட்டும் பல சோதனைகளுக்கு உட்படுத்துவது முறையன்று.

வருகையின்போது கடந்த மூன்று மாதக் கணக்கையும் எடுத்து வாருங்கள். வீட்டு நாட்காட்டியில் மாதவிலக்கு தொடங்கிய நாளுக்கு ஒரு வட்டமும் கறை பட்ட நாளுக்கு ஒரு புள்ளியும் இட்டிருந்தால் போதும். எந்தப் பரிசோதனையை எந்த நாளில் செய்வது என்பதை அதைக் கொண்டே நாங்கள் முடிவு செய்ய இயலும்.