அட்டைக்கும் கணினிக்கும் இடையில்

எங்கள் வீட்டுச் செய்மதித் தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகிவிட்டது. மாதக் கட்டணமோ கட்டியாயிற்று. "அட்டை நல்லாத்தானே இருக்கு, கணினியில் போட்டுப் பார்ப்போம்" என்றார் நானா. அட்டைத் துவாரமும் டியூனரும் ஒன்றாக உள்ள யூ.எஸ்.பி. கருவியொன்று அவரிடம் இருந்தது. லினக்ஸ் கணினியில் டியூனர் இயங்கியது. துவாரம் மட்டும் அசையவில்லை.

"ஒரே கருவிதானே நானா, ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

வன்பொருளுக்கும் கணினிக்கும் இடையே பேசுவது ட்ரைவர் எனப்படும் செலுத்தி மென்பொருளாகும். டியூனருக்காக எழுதப்பட்ட செலுத்திக்கு, பக்கத்தில் அட்டைத் துவாரம் இருப்பதே தெரியாது. அதற்கு மூன்று வேலைகளை நானா கற்பிக்க வேண்டியிருந்தது.

முதலாவது, அட்டைக்கு மின்சாரமும் கடிகாரத் துடிப்பும் கொடுத்து, அதனை மீளத் தொடக்குவது. இரண்டாவது, அட்டை உடனே அனுப்பும் பதிலைச் சரியான வேகத்தில் வாசிப்பது. ஐ.எஸ்.ஓ. 7816 நியமத்தின்படி, தொடக்கத்தில் ஒரு பிற்றின் நீளம் 372 துடிப்புகள். விநாடிக்குச் சுமார் 35.7 இலட்சம் துடிப்புகள் எனின், வேகம் விநாடிக்கு 9600 பிற்றுகள். கணக்குப் பிழைத்தால் கிடைப்பது குப்பைதான். பதிலின் முதற் பைற்று, பிற்றுகளை எந்த ஒழுங்கில் வாசிப்பது என்பதைச் சொல்லும். மூன்றாவது, வந்ததை மாற்றாமல் ஏனைய மென்பொருள்களிடம் ஒப்படைப்பது.

தபாற்காரர் கடிதத்தைப் பிரிப்பதில்லை; செலுத்தியும் அப்படித்தான். அலைவரிசையைத் திறக்கும் சாவி சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறும். அது மறைகுறியாக்கப்பட்டு ஒளிபரப்புடனேயே வருகிறது. கட்டணம் செலுத்திய அட்டைதான் அதனைப் பிரித்துக் கொடுக்கும். அட்டை தன் சொந்த இரகசியத்தை எவருக்கும் கொடுப்பதில்லை.

ஆறாம் நாள் இரவு, திரையில் அட்டையின் பதில் வரிசையாக வந்தது. நானாவுக்கு நித்திரையே இல்லை. உம்மா எட்டிப் பார்த்து, "அப்போ படம் வருமா?" என்றார்.

"இல்ல உம்மா. சாவியைப் பயன்படுத்தும் மென்பொருளுக்குக் கம்பனியின் அனுமதி வேணும். குறுக்கு வழி இருக்கும். அது நமக்கு வேணாம்."

மறுவாரம் வாப்பா புதிய பெட்டி வாங்கினார். நானா தன் நிரலைப் பிறரும் பயன்படுத்தும்படி இணையத்தில் இட்டார். படம் பார்க்காவிட்டாலும், ஓர் அட்டை பேசுவதைக் கேட்டுவிட்டோம் என்ற திருப்தி எனக்குண்டு.