அமிலமும் காரமும் போன பிறகு மிஞ்சும் உப்பு

தொப்பம்பட்டிக் கறிக்கடையில் உரித்துப் போட்ட ஆட்டுத்தோல் நம் வெயிலுக்கு ஒருநாள் தாங்காது. அழுகி நாறத் தொடங்கிவிடும். அதனால் தோல் வாங்குகிறவர்கள் உப்பை அள்ளித் தேய்த்துத்தான் அடுக்குவார்கள். உப்பு தோலின் ஈரத்தை இழுத்துவிடும். ஈரம் குறைந்தால் அழுக வைக்கும் கிருமி பெருகாது. பச்சைத்தோல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு இதற்கே செலவாகிறது. இந்த உப்பு எங்கே போகிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

அமிலம், காரம், உப்பு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ்ப் பார்க்கத் திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஷாப்புகளை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஊறவைத்து அலசிய தோல் முதலில் சுண்ணாம்புக்குப் போகும். பிஎச் அளவில் 7 நடுநிலை. மேலே போனால் காரம், கீழே வந்தால் அமிலம். நிறைவுற்ற சுண்ணாம்பு நீர் 12.4 வரை போகும் கடுங்காரம். அதோடு சோடியம் சல்பைடும் சேரும்போது, மயிரின் புரதத்தைப் பிணைத்திருக்கும் கந்தகக் கட்டுகள் அறுந்து, வழித்தாலே மயிர் கழன்றுவிடும். தோலுக்கு உரம் தரும் கொலாஜன் புரதமோ கரையாமல் உப்பி நிற்கும். மயிரை உரிக்கும் சரக்கு மனிதர் கையை மட்டும் விட்டுவிடுமா? திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்க்கையை எழுதிய டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த உழைப்பின் கடுமை புரிய வேண்டுமானால் அதைப் படிக்கத்தான் வேண்டும்.

அடுத்து, தோலுக்குள் புகுந்த சுண்ணாம்பை வெளியேற்ற வேண்டும். நேராகக் கடும் அமிலத்தை ஊற்றினால் தோல் கெட்டுப்போகும். அதனால் அம்மோனியம் சல்பேட் போன்ற மிதமான உப்பைப் போடுகிறார்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி கிளம்புவது இந்தக் கட்டத்தில்தான். சுண்ணாம்பு முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்கும் முறை அழகானது. தோலின் தடித்த பகுதியில் ஒரு கீற்று வெட்டி, வெட்டுவாயில் ஃபினால்ப்தலீன் ஒரு சொட்டு விடுவார்கள். ஓரமெல்லாம் வெளுத்திருக்க, நடுவில் மட்டும் இளஞ்சிவப்பாகக் கோடு ஓடினால் உள்ளே இன்னும் காரம் இருக்கிறது என்று பொருள். கோடு மறையும்வரை தோல் டிரம்மிலேயே சுற்ற வேண்டியதுதான். பள்ளி ஆய்வகத்தில் குடுவையில் பார்த்த அதே நிறமாற்றம்.

பிறகு கந்தக அமிலம். பிஎச் 3க்குப் பக்கத்தில் இறங்கும். 12.4இலிருந்து 2.8க்கு வருவது சின்னத் தூரம் இல்லை. ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு என்பதால், ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஏறத்தாழ 400 கோடி மடங்கு கூடுகிறது. வெறும் அமிலத்தில் தோல் ஊதிவிடும். அதைத் தடுக்க இங்கே மறுபடியும் உப்பு கொட்டுகிறார்கள். இந்த அமிலச் சூழலில் குரோமியம் உப்பு தோலின் ஆழம்வரை ஊடுருவும். அதன்பின் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பிஎச்சை 4க்கு அருகே ஏற்றினால், குரோமியம் கொலாஜனைப் பிடித்துக்கொண்டு தோல் நீலம் பாய்ந்து நிற்கும். இனி அது எளிதில் அழுகாது.

ஒரு எச்சரிக்கை. சல்பைடு கலந்த சுண்ணாம்புக் கழிவும் அமிலக் கழிவும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அந்த வாயு ஆளைக் கொன்றுவிடும். கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்கவே கூடாது.

கழிவுநீரில் அமிலத்தைக் காரத்தால் சமன் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. முடியவில்லை. அமிலமும் காரமும் சேர்ந்தால் தண்ணீரும் உப்பும் உண்டாகும் என்பதுதான் பாடமே. பிஎச் 7 என்று காட்டும் தண்ணீரிலும் தோலிலிருந்து அலசிய உப்பு, அமிலத்தோடு போட்ட உப்பு, சமன் செய்ததில் பிறந்த உப்பு எல்லாம் அப்படியே இருக்கும். வடிகட்டினால் நிற்காது, நுண்ணுயிர்களாலும் தின்ன முடியாது. எதிர்ச் சவ்வூடு பரவல், பிறகு ஆவியாக்கல் என்று செலவுபிடித்த வழியில்தான் பிரிக்க முடியும். பிரித்த பிறகும் கலப்பு உப்பு குவியலாக மிஞ்சும். திண்டுக்கல்லைச் சுற்றிக் கிணறுகள் உப்பேறியது இந்த வழியாகத்தான். தோல் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்றது. திண்டுக்கல் தோல் தொழிலும் அதில் அடக்கம்.

ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பைத் திரட்டிவிடுவதுதான், நான் அறிந்தவரை, செலவு குறைந்த தீர்வு. தண்ணீரில் இன்னும் கரைந்திராத உப்பைக் கையால் அள்ளலாம்.

உங்கள் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுக்கும்போது பிஎச் சரியாக இருக்கிறது என்பதோடு திரும்பிவிடாதீர்கள். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். 500க்குள் இருந்தால் நல்லது. 2,000ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.