வழிந்த பெயிண்ட்

ஸ்ரீராம்புரத்தில் அப்பாவின் ஆட்டோவுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது, ஒரே பூச்சில் முடிக்க எண்ணிக் கனமாகப் பூசினேன். பக்கத் தகட்டில் வழிந்தது. பதறித் துடைத்தேன், ஆடை கட்டியிருந்த பெயிண்ட் சுருண்டது. அப்பாவுக்கு இரண்டு நாள் வருமானம் போயிற்று.

காரணம் என்ன? செங்குத்தான பரப்பில், அதே பெயிண்டின் கனம் இரு மடங்கானால், வழியும் அளவு எட்டு மடங்காகும்.

ஈரமாக இருந்தால் பிரஷ்ஷால் மெல்ல மேல்நோக்கி நீவிவிடலாம். ஆடை கட்டிவிட்டாலோ தொடலாகாது. நன்றாகக் காய்ந்தபின், கட்டையில் சுற்றிய 400-ஆம் எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். பிறகு மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். ஒன்று காய்ந்த பின்பே மற்றொன்று.

இந்தச் சூத்திரத்தைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். "மெல்லிசாப் பூசுடா" என்று முன்பே சொன்னவர் அப்பா.