அழிப்பதும் வேலை தான்!

என் அக்கா மகன், சென்னையில் எங்கள் வீட்டில் தங்கி, மேற்கத்திய இசை படிக்கிறான். படிப்பு முடிக்க, 'ஸ்ட்ரிங் குவார்ட்டெட்' ஒன்றை, சொந்தமாக எழுதித் தர வேண்டுமாம். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என, நான்கு பேர் வாசிக்கும் இசை அது.

நானும் பார்க்கிறேன்... காலையில், ஐந்து கோடு போட்ட தாளும், பென்சிலுமாக உட்காருவான். மாலையில் கூட்டினால், முறம் நிறைய ரப்பர் தூள் தான் மிஞ்சும். ஒரு மாதத்தில், இரண்டு பக்கம் கூட நகரவில்லை.

அக்காவோ, வளையலை அடகு வைத்து பணம் கட்டியிருக்கிறாள். போனில், 'என்னடி செய்யுறான்?' என்று கேட்டாள். வாய் சும்மா இராமல், 'எழுதுறான், அழிக்கிறான், வேறென்ன...' என்று சொல்லி விட்டேன். மறுநாளே அக்கா கணவர், 'படிச்சது போதும். கடைக்கு வந்து உட்காரச் சொல்லு' என்று கூறி விட்டார். பையன் முகம் செத்து விட்டது. ஆனாலும், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தான் எனக்கு உறுத்தியது.

அந்த வாரம், கூடப் படிக்கும் நான்கு பேர், எங்கள் வீட்டு ஹாலில் வாசித்துப் பார்க்க வந்தனர். காபி கொடுத்து விட்டு, நானும் ஓரமாய் உட்கார்ந்தேன். செல்லோ வாசித்த பெண், பாதியில் நிறுத்தி, 'இந்த ரெண்டு சுரமும் கடைசித் தந்தியில மட்டும் தான் வரும். ஒரே தந்தியில ரெண்டையும் ஒண்ணா எப்படி வாசிக்கிறது?' என்றாள். வயோலா பையன், 'மூணு பேரும் சத்தமா வாசிக்கிறப்ப, என் மெட்டு காதுலயே விழல' என்றான். இவன் கோபப்படவே இல்லை. பென்சிலால் குறித்துக் கொண்டான்.

அவர்கள் போன பின் விசாரித்தேன். 'ஆர்க்கெஸ்ட்ராவில, ஒரே மெட்டை பத்து வயலின் சேர்ந்து வாசிக்கும், சித்தி. கை காட்ட ஆளிருக்கும். இதுல, ஆளுக்கு ஒரு மெட்டு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்து தான் வாசிக்கணும். அந்த காலத்துல அறைக்குள்ள வாசிச்சதால தான், சேம்பர் மியூசிக்னு பேரு. தப்பா எழுதினா, ஒளிய இடமே இல்ல' என்றான்.

நாலு மருமகள் உள்ள வீட்டில், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் என்னாகும்! ஒருத்தி பேச, மற்றவள் விட்டுக் கொடுக்க வேண்டும்; அதற்காக, யாரும் ஊமையாகி விடவும் கூடாது. இதைத் தான், பிள்ளை எழுதி எழுதி அழிக்கிறான் என்பது, அப்போது தான் உறைத்தது.

மொசார்ட்டே, 1782ல் ஆரம்பித்து, 1785ல் தான் ஆறு குவார்ட்டெட்டுகளை முடித்து, ஹைடன் என்ற மூத்த மேதைக்கு காணிக்கை ஆக்கினாராம். நெடுநாள் பாடுபட்டு எழுதியவை என்று, அவரே கூறியிருக்கிறார். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள அந்த கையெழுத்துப் பிரதிகளிலும், அடித்தல், திருத்தல் உண்டாம்!

அன்றிரவே போன் செய்து, 'நான் சொன்னது தப்பு, மாமா. பையன் சும்மா இல்ல. கொஞ்சம் பொறுங்க' என்றேன். 'சரி, பரீட்சை வரைக்கும் பார்க்கலாம்' என்று இறங்கி வந்தார். நான்கு பாகத்தில், இரண்டு முடிந்திருக்கிறது. முறத்தில், இப்போதும் ரப்பர் தூள் தான். நான் தான் முணுமுணுப்பதில்லை.

தோழியரே... பிள்ளைகள் செய்வது நமக்கு புரியவில்லை என்றால், 'சும்மா இருக்கான்' என்று வாய் விடும் முன், அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்!

— ஒரு வாசகி, சென்னை.