மின்சாரம் ஓடவிடும் ஆறுகள் (மீன் தேடும் நீர்வழிகள் – 9)

மஸ்கி என்று சுருக்கமாக அழைக்கப்படும் மஸ்கலஞ்ச், வட அமெரிக்க நன்னீரில் வாழும் பெரிய வேட்டை மீன்களில் ஒன்று. பைக் மீனின் குடும்பம். நான்கடிக்கு மேலும் வளரும். நீர்ப்பாசிக்கு இடையில் அசையாமல் நின்று, இரை அருகில் வந்ததும் பாயும். பத்தாயிரம் முறை தூண்டில் வீசினால் ஒன்று மாட்டும் என்பது அங்குள்ள தூண்டில்காரர்களின் பேச்சு. பெயர்பெற்ற ஏரிகளில் படகு நெரிசல் அதிகம் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் வேறு வழியில் தேடுகிறார்கள். விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் எந்த ஏரியில், எந்த ஆண்டு, எத்தனை குஞ்சு விடப்பட்டது என்பதை அரசுத் துறை வெளியிடுகிறது. அந்தப் பட்டியலையும் ஆற்று வரைபடத்தையும் அருகருகே வைத்து, குஞ்சு விட்ட ஏரிக்குக் கீழே என்ன நீர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். மழைக்காலத்தில் அணை வழிந்தால் மீனும் சேர்ந்து இறங்கும். அது போய்த் தங்கும் கீழ்ச் சிற்றாறு எந்தப் பட்டியலிலும் இருக்காது.

இதே தேடல் மும்பையைச் சுற்றியும் பொருந்தும். அங்குள்ள விஹார், பவாய் ஏரிகளின் மிகுநீர் மித்தி ஆறாகித் தாராவி ஓரமாக மாஹிம் கழிமுகத்துக்குப் போகும் கதை சென்ற வாரமே முடிந்தது. இந்த வாரத்துக்கு அறிவித்தது வைதர்ணா ஆறு. அங்கே போகும் முன் சஹ்யாத்திரி மலையைப் பார்த்தாக வேண்டும். கொங்கண ஆறுகளில் மீன் எங்கே தங்குகிறது என்பதற்கான விடை பாதிக்கு மேல் அந்த மலையில்தான் இருக்கிறது.

கொங்கண ஆறுகள் நீளத்தில் குட்டையானவை. மலை உச்சியிலிருந்து கடல் வரை நூறு கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கரை புரளும். ஏப்ரலில் வெறும் கல்லும் மணலும் கிடக்கும். ஆகவே மழைக்காலத்தில் ஆற்றைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. மே மாதத்தில் எங்கே நீர் நிற்கிறதோ அங்கேதான் பெரிய மீன் உயிரோடு இருக்க முடியும். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதிவாரியாகப் பார்க்கும் வசதி உண்டு. ஏப்ரல், மே மாதப் படங்களை மட்டும் எடுத்து, ஆற்றுப் படுகை நெடுக கரும்பச்சையாகத் தெரியும் திட்டுகளைக் குறித்துக்கொண்டால் தேடலில் பாதி முடிந்தது. அந்தத் திட்டுகள்தான் மடுக்கள்.

இந்த விதிக்கு மும்பைக்கு அருகிலேயே மூன்று விலக்குகள் உண்டு: பாதாளகங்கை, உல்ஹாஸ், குண்டலிகா. மூன்றும் கோடையிலும் ஓடுகின்றன. அந்த நீர் இயற்கையாக அவற்றுக்கு உரியதே அல்ல. மலையின் கிழக்குச் சரிவில் பெய்து, கிருஷ்ணையில் கலந்து, வங்காள விரிகுடாவுக்குப் போயிருக்க வேண்டிய மழை அது. மும்பை நூலாலைகளுக்கு மின்சாரம் தேவைப்பட்டபோது டாட்டா நிறுவனம் மலைமேல் லோணாவ்லா, வல்வண், ஷிராவ்டா ஏரிகளை அமைத்து, நீரை மேற்கே திருப்பிக் குழாய்களில் இறக்கியது. சுமார் 500 மீட்டர் கீழே கோபோலி மின்நிலையம் 1915இல் ஓடத் தொடங்கியது. விசையாழியைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர் பாதாளகங்கையில் விழுகிறது. 1922இல் பிவ்புரி வந்தது. ஆந்திரா ஆற்றின் தோகர்வாடி அணை நீர் அங்கே இறங்கி உல்ஹாஸில் சேர்கிறது. 1927இல் பிரா வந்தது. மூலா ஆற்றை மறித்த முல்ஷி அணையின் நீர் குண்டலிகாவில் விழுகிறது. முல்ஷியில் நிலம் இழந்த விவசாயிகள் சேனாபதி பாபட் தலைமையில் 1921 முதல் சத்தியாகிரகம் நடத்தியும் அணை எழுந்தது. அந்த ஊர்களின் இழப்பைச் சேர்க்காமல் இந்த ஆறுகளின் கணக்கை எழுதுவது நியாயமாகாது.

கோடைக்காலக் குண்டலிகா ஓடுவதும் வற்றுவதும் மும்பையின் மின்தேவையைப் பொறுத்தது. கோலாட் பக்கம் காலையில் ரப்பர் படகு விடுகிறவர்கள் பார்ப்பது வானிலையை அல்ல, பிராவில் நீர் திறக்கும் நேரத்தை. காலையில் கற்கள் மூழ்கி வெள்ளை நுரையோடு ஓடும் ஆறு, திறப்பு நின்றபின் கணுக்கால் ஆழத்துக்கு இறங்கிவிடும். கரைக் கல்லில் ஈரக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால், அன்றைக்கு எவ்வளவு நீர் வந்து போனது என்பது தெரியும். ஆற்று நடுவே கல்லில் நின்று தூண்டில் போடுகிறவருக்கு இந்தக் கோடு உயிர் காக்கும் குறிப்பு. அதற்கு மேலான இடத்தில்தான் நிற்க வேண்டும். நீர் ஏறும்போதும் இறங்கும்போதும் இரை இடம்பெயரும். வேட்டை மீன் பாறையின் பின்பக்கத்துத் தணிந்த நீரில் காத்திருக்கும். மும்பையின் சுனாபட்டியிலிருந்து குர்லாவில் வண்டி மாறி கர்ஜத், கோபோலி பக்கம் போகிறவர்கள் இந்த ஆறுகளில் இரண்டின் பக்கம் வாரந்தோறும் போய்வந்தும் அவற்றை மீன் உள்ள நீராக எண்ணுவதில்லை. விராலும் கெளுத்தியும் அங்கே வாழத்தான் செய்கின்றன.

மலைமேல் உள்ள அதே ஏரிகளில் மஸ்கியின் இடத்தை வகிப்பது மஹ்சீர். 1839இல் சைக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தக்காண மீன்களை விவரித்தபோது பெயரிட்ட நீலத்துடுப்பு மஹ்சீரை டாட்டா நிறுவனம் 1970களிலிருந்து லோணாவ்லாவில் பொரிக்க வைத்துவருகிறது. தாய்மீனின் வயிற்றை மெல்ல வருடி, முட்டையை உலர்ந்த தட்டில் இறக்கி, ஆண்மீனின் விந்தை இறகால் கலப்பார்கள். பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு அஞ்சித் தொட்டியின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையை நுழைத்துக்கொண்டு குவிந்து கிடக்கும். இதைவிட வியப்பானது முட்டையின் பயணம். மீன் முட்டை என்றால் நீரும் ஆக்சிஜனும் நிரப்பிய பை வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். சி.வி. குல்கர்னியும் எஸ்.என். ஓகலேயும் மஹ்சீர் முட்டைகளை ஈரப்பஞ்சில் அடுக்கி விமானத்தில் அனுப்பிக் காட்டி, 1979இல் அதை ஆய்வுக்கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். நீரே இல்லாமல், நனைந்த பஞ்சின் ஈரத்தில் ஒரு மீனினம் மாநிலம் விட்டு மாநிலம் போக வழி பிறந்தது.

அப்படி எளிதாகப் பரவியதற்கு ஒரு விலையும் உண்டு. அது தமிழகத்தைத் தொடுகிறது. லோணாவ்லாவின் நீலத்துடுப்பு மஹ்சீர் காவிரியிலும் விடப்பட்டது. காவிரிக்கே உரியது முதுகில் திமில் உள்ள இன்னொரு மஹ்சீர். கபினியில் 1946இல் 120 பவுண்டு எடையில் பிடிபட்ட சாதனை மீன் காவிரிப் படுகையின் பெருமை. வந்தேறி பெருகப் பெருக, தூண்டில் முகாம்களின் பதிவேடுகளில் திமில் மஹ்சீரின் எண்ணிக்கை சரிந்தது. அந்த மீனின் அறிவியல் பெயரே 2018இல்தான் உறுதியானது. இன்று அது மிகவும் அருகிவிட்ட இனம். அது எஞ்சியிருக்கும் நீர்களில் ஒன்று நீலகிரிச் சரிவின் மோயாறு. குஞ்சு விட்ட பட்டியலைப் பின்தொடர்கிறவர் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: பட்டியல் மீன் இருக்கும் இடத்தைக் காட்டும், அங்கே முன்பு என்ன மீன் இருந்தது என்பதைக் காட்டாது.

மீன் தங்கும் இன்னொரு வகை நீர் கோயில் மடு. மஹாட் வட்டத்தில், சாவித்திரியில் கலக்கும் காள் ஆற்றில் வாளண் கோண்ட் என்ற ஆழமான மடு இருக்கிறது. வரதாயினி அம்மனின் மீன்கள் என்பதால் ஊரார் அங்கே வலையும் தூண்டிலும் போட விடுவதில்லை. கோடை முழுவதும் மஹ்சீர் கூட்டம் அங்கே தங்கி, மழை வந்ததும் ஆற்றில் பரவும். தூண்டில்காரருக்கு அது எல்லைக்கோடு. மடுவில் கை வைக்காதவரைதான் கீழாற்றில் மீன் இருக்கும். அணை நீர்த்தேக்கங்களிலும் இஷ்டத்துக்குத் தூண்டில் போட முடியாது. மகாராஷ்டிரத்தில் அவற்றின் மீன்பிடி உரிமையைக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விடுவது வழக்கம். சங்கத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குவதே முறை.

குண்டலிகா ரேவ்தண்டாவில் கடல் சேர்கிறது. அந்தக் கழிமுகப் பகுதியின் கொடுவா, மராத்தியில் ஜிதாடா, பதுங்கிப் பாயும் பழக்கத்தில் மஸ்கிக்கு மிக நெருங்கியது. ஆணாக வளர்ந்து பிற்பாடு பெண்ணாக மாறும் மீன் என்பதால், பெரியதைப் பிடித்துத் தின்றால் இழப்பது முட்டையிடும் தாயை. அதைத் திரும்ப நீரில் விடுவதே நல்லது.

வைதர்ணா அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. மோடக் சாகர் அணையில் தொடங்கி, வாடா வட்டத்துத் திளசே கோயில் மடு வரை அந்த ஆற்றைப் பின்தொடரலாம்.