குற்றமாக்கப்பட்ட உழைப்பு: ஊவாத் தோட்டங்களும் தண்டனைச் சட்டமும்

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த கூலிக்கு உழைக்க நேர்ந்தமைக்கு வறுமையையும் கங்காணிக் கடனையும் காரணமாகக் காட்டுவது வழக்கம். அவை உண்மையே. ஆயின் அக்கடனுக்குப் பின்னால் பொலிசும் நீதிமன்றும் சிறைச்சாலையும் நின்றன என்பது போதியளவு வற்புறுத்தப்படவில்லை.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலை ஒப்பந்த மீறலைக் குற்றமாக்கியது. முன்னறிவித்தலின்றித் தோட்டத்தைவிட்டு நீங்கிய தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடூழியச் சிறை விதிக்கலாம். அவனை வேறு தோட்டத்துக்கு ஈர்ப்பதும் குற்றமே. எனவே அயல் தோட்டத்தில் ஆட்பஞ்சம் நிலவினும் அதனைப் பயன்படுத்திக் கூலியை உயர்த்தக் கேட்கும் வாய்ப்பு அவனுக்கில்லை. விசாரணை நடந்ததோ ஆங்கிலத்தில். துரையின் சொல் நேரே நீதவானைச் சேர்ந்தது, தொழிலாளியின் சொல் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே சேர்ந்தது.

அதே 1865இல் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்கள், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் ஒப்பந்த வேலையை விட்டகல்வதைத் தண்டிக்கும் சட்டங்களை இயற்றத் தொடங்கின. இங்கிலாந்தோ தன் தொழிலாளருக்கு இத்தகைய தண்டனையை 1875இல் நீக்கிவிட்டது. இலங்கையில் அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு மேலும் நீடித்தது.

1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தில் இனம் இல்லை. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமோ 'இந்தியக் கூலிகள்' என வெளிப்படையாகவே பெயர் சுட்டியது. 'கூலி' எனும் தமிழ்ச் சொல், உழைப்பின் விலையைக் குறிப்பது, உழைப்பவனின் இனப்பெயராகச் சட்டத்துள் புகுந்தமை சொல்லாராய்ச்சியாளர் கவனத்துக்குரியது. துண்டு முறை இதனை நிறைவாக்கிற்று. கங்காணியின் ஆட்கள் இத்தனை ரூபா கடனைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவர் எனத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. அது 1921இல் ஒழிக்கப்பட்டது. தண்டனை விதிகளும் 1920களின் முற்பகுதியில் நீங்கின.

சட்டத்தை மேற்கட்டுமானம் என வாய்பாடாகக் கூறியமைவோர் நம்மிடையே உளர். இங்கு அது கூலியுறவின் உள்ளேயே இயங்கிற்று.

அதன்பின் அத்துமீறல் சட்டம் அவ்விடத்தைப் பிடித்தது. லயங்கள் தோட்டக் காணியிலேயே இருந்தமையால், தொழிலாளியின் வீட்டுக்கு வரும் சங்க அமைப்பாளனைக் குற்றவாளியாக்க முடிந்தது. 1940இல் பதுளைப் பகுதி வேவெஸ்ஸத் தோட்டத்தார் தமக்கெனத் தெரிவு செய்யப்பட்ட சபையொன்றை அமைத்து வேலைநிறுத்தம் செய்தமை இத்தடையை மீறியேயாம். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுட் செல்லும் உரிமை 1970இலேயே சட்டமாயிற்று.