பிறந்ததும் அழாத குழந்தை

பிள்ளைப்பேறு நடந்தவுடன் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, ஆணா பெண்ணா என்பது. டாக்டர் கேட்கும் முதல் கேள்வி வேறு: குழந்தை அழுததா? பனிக்குடத்தின் நீரில் இருந்த உயிர் காற்றை வாங்கிக்கொண்டது என்பதற்கு அழுகையே முதல் சான்று. கொடி சுற்றியோ, நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிந்தோ, பிரசவம் நீண்டுபோயோ பிராணவாயு தடைப்பட்ட குழந்தை சில வேளை அழுவதில்லை. முயன்று மூச்சை வரவழைத்த பின்னும், வலிப்பும் துவண்ட கைகால்களுமாகக் கிடக்கும் அதன் மூளைக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வயது வந்தவரின் உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவிகிதம்தான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவிகிதத்தை அது எடுத்துக்கொள்கிறது. வளரும் குழந்தையிடம் இந்தப் பங்கு இன்னும் பெரிது. ஆகவே பிராணவாயு நின்றால் முதலில் அடிபடுவது மூளையே. மூச்சுத் திணறிய அந்த நேரத்திலேயே உயிரணுக்கள் மடிந்துவிடுகின்றன, அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது.

அந்த நம்பிக்கை 1980களில் லண்டனில் ஆட்டங்கண்டது. யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் பேராசிரியர் ரெனால்ட்ஸ் குழுவினர் இத்தகைய குழந்தைகளின் மூளையில் சக்தி தரும் பாஸ்பரஸ் சேர்மங்களைக் காந்த அலைக் கருவி கொண்டு அளந்தனர். பிறந்த சில மணி நேரத்தில் அளவு சரியாகவே இருந்தது. மறுநாளோ அது சரிந்தது! முதல் அடியில் தப்பிய உயிரணுக்கள் பின்னர் சாகின்றன என்பது தெளிவாயிற்று. நரம்பணுக்கள் கொட்டிவிட்ட குளூட்டமேட் அண்டை அணுக்களைத் தூண்டுகிறது. கால்சியம் அணுக்களுக்குள் பெருகுகிறது. சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது. இரண்டு அடிகளுக்கும் இடையே சுமார் ஆறு மணி நேர அமைதி உண்டு. மருந்து ஏதேனும் உண்டென்றால் அந்த இடைவெளியில்தான் வேலை செய்ய வேண்டும்.

அந்த மருந்து குளிர்ச்சி. நியூசிலாந்தில் அலிஸ்டர் கன் குழுவினர் கருவிலிருந்த ஆட்டுக்குட்டிகளின் மூளையைக் குளிர்வித்து, பாதிப்பு குறைவதை 1997ல் காட்டினர். அமெரிக்காவில் டாக்டர் சீதா சங்கரன் தலைமையில் 208 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2005ல் வெளிவந்தது. 33.5 டிகிரிக்கு மூன்று நாள் உடலைக் குளிர்வித்த குழந்தைகளில் 44 சதவிகிதம் பேர் இறந்தனர் அல்லது ஊனமுற்றனர். குளிர்விக்காதவர்களில் அது 62 சதவிகிதம். பிறந்த குழந்தையைப் போர்த்திக் கதகதப்பாக வைக்க வேண்டும் என்பது நம் பாட்டிமார் அறிவு; எல்லாக் குழந்தைகளுக்கும் இன்றும் அதுவே சரி. மூளை அடிபட்ட சில குழந்தைகளுக்கு மட்டும், அதுவும் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில், இந்த எதிர்மறை வைத்தியம் வந்தது.

மேல்நாட்டுக் குளிர்கருவியின் விலை நமக்குக் கட்டுபடியாகாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அதற்கு ஒரு வழி கண்டனர். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் மெழுகு போன்ற பொருளைப் படுக்கையில் அடைத்து அதன்மேல் குழந்தையைக் கிடத்தினர். உருகும்போது அது உடல் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதன் வெப்பநிலை மாறாது. பௌதிகப் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் 'உள்ளுறை வெப்பம்' ஒரு சிசுவைத் தாங்கியது! அங்கே 50 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2020ல் வெளிவந்தது. குளிர்வித்த குழந்தைகளின் மூளைப்படங்கள் நம்பிக்கை தருவதாகவே இருந்தன.

அடுத்த ஆண்டே வேறொரு முடிவு வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறப்புக்கால மூளை ஆய்வுப் பேராசிரியரான சுதின் தய்யில், இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் ஏழு பெரிய மருத்துவமனைப் பிரிவுகளில் 408 குழந்தைகளிடம் சோதனை நடத்தினார். நம் சென்னை மருத்துவக் கல்லூரியும் அதில் பங்கேற்றது. யாரைக் குளிர்விப்பது என்பது டாக்டரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. குலுக்கல் போன்ற முறையில் தீர்மானிக்கப்பட்டது. பிழைத்தவர்களை ஒன்றரை வயதுக்குமேல் அழைத்து நடை, பேச்சு, அறிவு வளர்ச்சி ஆகியவற்றைச் சோதித்தனர். இறப்பும் ஊனமும் சேர்ந்த கணக்கில் குளிர்வித்தோர் 50 சதவிகிதம், மற்றவர் 47. வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். ஆனால் இறப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், குளிர்வித்தவர்களில் 42 சதவிகிதம், மற்றவர்களில் 31. உதவும் என்று நம்பிய சிகிச்சை உயிரைக் கூடுதலாகப் பறித்திருக்கிறது.

ஏன் இப்படி? முழு விடை இன்னும் கிட்டவில்லை. ஆனால் மூளைப்படங்கள் ஒரு துப்புத் தருகின்றன. மேல்நாட்டுக் குழந்தைகளிடம் பெரும்பாலும் அடிபடுவது மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகள். திடீரென முற்றாகப் பிராணவாயு நின்றதன் அடையாளம் அது. நம் பக்கத்துக் குழந்தைகளிடம் வெண்பொருளில் காயம் மிகுதியாகக் காணப்பட்டது. இதைக் காவிரிக்கரையில் இருக்கும் நமக்கு விளக்குவது எளிது. தலைமடையில் வாய்க்கால் சட்டென்று அடைபடுவது ஒன்று. பல நாளாக நீர் குறைந்துவந்து கடைமடை வயல் வெடிப்பது வேறொன்று. இரத்தக் குழாய்களின் எல்லையில் இருக்கும் பகுதிகளே மூளையின் கடைமடை. நீண்ட நேரம் அரைகுறையாகப் பிராணவாயு கிடைத்த குழந்தையிடம் அவையே முதலில் காய்கின்றன. அப்படியானால் குழந்தை பிறக்கும்போதே அந்த ஆறு மணி நேர இடைவெளி கடந்துபோயிருக்கக்கூடும். குளிர்விப்பதற்கு மிச்சமிருப்பது அதன் கெடுதல் மட்டுமே.

இதை எல்லா டாக்டர்களும் ஏற்கவில்லை. தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்குக் குளிர்ச்சி பயன்படும் என்று கூறுவோர் நம் நாட்டில் உண்டு; பல இடங்களில் அது தொடர்கிறது. என் கருத்தில், 408 குழந்தைகளின் கணக்கை ஒதுக்க விரும்புவோர் அதனினும் பெரிய கணக்கைக் கொண்டுவர வேண்டும். வெளிநாட்டில் பலித்தது இங்கும் பலிக்கும் என்று எண்ணி யாரும் சோதிக்காமல் விட்டிருந்தால், அந்தக் கூடுதல் இறப்புகளை விதி என்றே எழுதியிருப்போம்.

கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பிரசவம் சிக்கலானால், தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் போக 40 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆம்புலன்ஸ் வருவதையும் சேர்த்தால் ஆறு மணி நேரம் பெரிய அவகாசமல்ல. அதனால் தய்யில் குழுவினரின் கவனம் பிரசவ அறைக்கே திரும்பியது. சென்னை, பெங்களூர், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிகளில், வலி கண்ட நேரம் முதல் சிசுவின் இதயத் துடிப்பைத் தவறாமல் கவனித்தல், பிரசவத்தின் போக்கை வரைபடத்தில் குறித்தல், தாய்க்குத் துணையாக ஒருத்தியை உடன் இருக்கவிடுதல், மூச்சு வராத குழந்தைக்கு உடனே முறையாக மூச்சூட்டுதல் என்பவற்றை ஒருசேர நடைமுறைப்படுத்திப் பார்க்கும் ஆய்வில் இறங்கினர். இதற்குக் குளிர்கருவி வேண்டாம். இரவு இரண்டு மணிக்கும் துடிப்பை எண்ணிக் குறித்துவைக்கும் ஒரு நர்ஸ் வேண்டும்.